குரூப் 4-ல ஜூனியர் அசிஸ்டென்ட் கிடைச்சிருக்கு, பிரைவேட் வேலையை விட்டுட்டு சேரலாமா?

சகோதரி கேட்டிருக்கிறது சுருக்கமா இதுதான். வயசு 27, பிரைவேட் கம்பெனியில நாலு வருஷ சர்வீஸ், கைக்கு 38,000 வருது. குரூப் 4 கவுன்சிலிங்ல ஜூனியர் அசிஸ்டென்ட் எடுத்திருக்காங்க, வீட்டுல கல்யாணமும் பேசிட்டிருக்காங்க. "கவர்மென்ட் வேலைம்மா, பென்சன் இருக்கு, லீவு இருக்கு, யாரும் தூக்க முடியாது"ன்னு அப்பா சொல்றார், அதெல்லாம் இன்னும் அப்படியே இருக்கா, சம்பளம் குறைஞ்சாலும் போகலாமான்னு கேக்குறாங்க. சம்பளத்தைப் பத்தி கேக்குற மாதிரி இருந்தாலும் உண்மையான கேள்வி வேற, அப்பா தலைமுறை பார்த்த அரசு வேலையும் இன்னிக்கு கையில வர்ற அரசு வேலையும் ஒண்ணுதானா என்பதுதான் அது. இல்லை, ஒண்ணு இல்லை. ஆனா நிறைய விஷயம் இன்னும் நிக்குது, சிலது முன்னைவிட நல்லாவே இருக்கு.

நான் பேசுறது எங்கிருந்துன்னு சொல்லிடறேன். ஒரு மாவட்ட ஆபீஸ்ல எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன்லதான் என் சர்வீஸ்ல பெரும்பகுதி போச்சு, மத்தவங்க சம்பள பில், லீவு, இன்கிரிமென்ட், பென்சன் பேப்பர் இதையே பார்த்து சூப்பிரண்டா ரிட்டயர் ஆனேன். 2003-க்கு முன்னாடி சேர்ந்ததால எனக்கு மாசா மாசம் அரசே கொடுக்கிற பழைய பென்சன், அதனால ரிட்டயர்மென்ட் விஷயத்துல என் நிலைமையை உங்களுக்கு அளவுகோலா வைக்காதீங்க. கோட்டையில செக்ரடேரியட், போலீஸ், மின்வாரியம் இவங்களுக்கு தனித்தனி விதி உண்டு, நான் சொல்றது சாதாரண மினிஸ்டீரியல் சர்வீஸ்ல, அதாவது ஆபீஸ் எழுத்து வேலைப் பதவிகள்ல சேர்றவங்களுக்கு.

முதல்ல பணம். ஜூனியர் அசிஸ்டென்ட் பே மேட்ரிக்ஸ்ல, அதாவது அரசோட சம்பள அட்டவணையில லெவல் 8, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500. 2025 ஜூலை கணக்குப்படி அகவிலைப்படி 58 சதவீதம், அது 11,310, ரெண்டும் சேர்த்தா 30,810. மருத்துவப்படி 300, இதுக்கு மேல வீட்டு வாடகைப்படி, அது ஊரைப் பொறுத்து மாறும், சென்னையில கூட, சின்ன ஊர்ல கம்மி. பிடித்தம் பாருங்க, பென்சன் திட்டத்துக்கு அடிப்படையும் அகவிலையும் சேர்ந்ததுல 10 சதவீதம் அதாவது 3,081, ஹெல்த் இன்சூரன்ஸ் 300, குடும்பப் பாதுகாப்பு நிதி 110. வீட்டு வாடகைப்படியை சேர்க்காம 27,600 சுமாரா நிக்கும், இன்னும் ரெண்டு மூணு சின்னப் பிடித்தமும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தொழில் வரியும் இருக்கு. அதனால இப்போ வாங்குறதைவிட மாசம் எட்டு ஒன்பதாயிரம் குறையும்னு வெச்சுக்கோங்க, இதை மறைச்சு யாராவது "கவர்மென்ட்ல இப்போ நல்ல சம்பளம்"னு பொதுவா சொன்னா நம்பாதீங்க. வருஷத்துக்கு 3 சதவீதம் இன்கிரிமென்ட், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அகவிலை உயர்வு, புரமோஷன் இல்லாம ஒரே பதவியில 10 வருஷம் இருந்தா தேர்வு நிலைன்னு ஒரு சம்பள உயர்வு, 20 வருஷத்துல சிறப்பு நிலைன்னு இன்னொண்ணு, இப்படித்தான் ஏறும். எட்டாவது ஊதியக் குழு வந்தா ஏறுமேன்னு கேப்பீங்க, வழக்கமா மத்திய அரசு மாத்தினதும் தமிழ்நாட்டிலும் மாத்துவாங்க, ஆனா எப்போ, எவ்வளவுன்னு இப்போ சொல்ற எந்தக் கணக்கும் ஊகம்தான், அதை நம்பி லோன் போடாதீங்க.

இன்னொண்ணு, முதல் சம்பளம் முதல் மாசமே வராது. களஞ்சியம்ங்கிற அரசோட ஆன்லைன் சம்பள சாஃப்ட்வேர்ல உங்களுக்கு ஐடி உருவாகணும், பென்சன் கணக்கு நம்பர் வாங்கணும், ட்ரெஷரியில பில் பாஸாகணும், ரெண்டு மூணு மாசம் கழிச்சு அரியர்ஸா மொத்தமா வர்றது சர்வ சாதாரணம். கையில மூணு மாச செலவுக்கு வெச்சுக்கிட்டு சேருங்க.

பென்சனுக்கு வர்றேன், இங்கதான் அப்பா சொல்றதும் நிஜமும் அதிகமா விலகுது. 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் தமிழ்நாடு அரசுல சேர்ந்தவங்க யாருக்கும் பழைய பென்சன் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான்னு இருந்துச்சு. அதுல ஊழியர் 10 சதவீதம் போடுவார், அரசு அதே அளவு போடும், ஜிபிஎஃப்-க்கு, அதாவது அரசு ஊழியர் சேமநிதிக்குக் கொடுக்கிற வட்டி சேரும், ரிட்டயர் ஆகும்போது அந்தத் தொகை வரும். மாசா மாசம் பென்சன்னு ஒண்ணு அதுல இல்லை. மத்திய அரசு ஊழியர்களோட என்பிஎஸ்-ல, அதாவது தேசிய பென்சன் திட்டத்துல அரசு 14 சதவீதம் போடுது, பணம் மார்க்கெட்ல முதலீடாகுது, நம்ம மாநிலம் அந்த ஏற்பாட்டுக்குள்ள போகவே இல்லை, இது ரெண்டையும் குழப்பிக்கிட்டு யூடியூப்ல நிறைய பேர் பேசுறாங்க. சங்கங்கள் இருபது வருஷத்துக்கும் மேல போராடினதுக்கு அப்புறம் 2025 பிப்ரவரியில அரசு ஒரு குழு போட்டுச்சு, 2026 ஜனவரியில தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்னு அறிவிச்சாங்க, கடைசி சம்பளத்துல 50 சதவீதம் பென்சன், ஊழியர் பங்கு 10 சதவீதம் அப்படியே தொடரும்ங்கிறதுதான் அதோட மையம். நல்ல மாற்றம், மனசார வரவேற்கிறேன். ஆனா அறிவிப்பு வேற, விதி வேற. பென்சன்ல எல்லாமே தகுதிக் காலம் எத்தனை வருஷம், எந்த சம்பளம் கணக்குல வருது, இடையில வேலையை விட்டா என்ன, இறந்துட்டா குடும்பத்துக்கு என்ன, இந்த நாலு வரியிலதான் இருக்கு. உங்க ரிட்டயர்மென்ட் வயசு 60, அதுக்கு இன்னும் 33 வருஷம், அதுக்குள்ள எத்தனை அரசு, எத்தனை திருத்தம். அதனால பென்சனை மட்டும் காரணமா வெச்சு முடிவு எடுக்காதீங்க, தனியா சேமிப்பும் வெச்சுக்கோங்க, இதை என்கிட்ட வேலை பார்த்த ஒவ்வொரு புது பிள்ளைக்கும் சொல்லியிருக்கேன்.

"யாரும் தூக்க முடியாது"ங்கிறது எவ்வளவு தூரம் உண்மை? அரசியல் சட்டம் 311-ஆவது பிரிவுப்படி குற்றச்சாட்டு என்னன்னு எழுத்துல கொடுத்து, விசாரணை வெச்சு, உங்க பதிலைக் கேக்காம பொதுவா டிஸ்மிஸ் பண்ண முடியாது, பிரைவேட்ல ஒரு மெயில்ல வேலை போற நிலைமையோட பார்த்தா இது ரொம்பப் பெரிய விஷயம். ஆனா தகுதிகாண் பருவத்துல, அதாவது சேர்ந்த புதுசுல நிரந்தரம் ஆகுறதுக்கு முன்னாடி புரபேஷன்ல இருக்கிறவங்களுக்கு இந்தப் பாதுகாப்பு முழுசா இல்லை. அப்புறம் குற்றச்சாட்டு மெமோ இருக்கு, ஒழுங்கு நடவடிக்கை விதி நம்பரை வெச்சு 17ஏ, 17பின்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க, முதலாவது சின்னத் தண்டனைக்கு, ரெண்டாவது பெரிய தண்டனைக்கு, ஒரு 17பி நிலுவையில இருந்தா புரமோஷனுக்குத் தகுதியானவங்க பட்டியல்ல (பேனல்) பேர் வராது, அது முடிய வருஷக்கணக்காகும். வேலை போகாது, ஆனா கூட சேர்ந்தவங்க எல்லாம் மேல போயிடுவாங்க. 1973 நடத்தை விதிகளும் பொருந்தும், கட்சி அரசியல் கூடாது, அனுமதி இல்லாம வேற வருமான வேலை கூடாது, நிலம் வீடு வாங்கினா விற்றா முறைப்படி தெரிவிக்கணும். ஃப்ரீலான்ஸ் ஏதாவது பண்ணிட்டிருந்தா சேர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. ஸ்டிரைக் விஷயத்துலயும் மாயை வேண்டாம், 2003 ஜூலையில ஒரு லட்சத்துக்கும் மேல ஊழியர்களை ஒரே மூச்சுல டிஸ்மிஸ் பண்ணாங்க, சுப்ரீம் கோர்ட்டு அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாதுன்னே சொல்லுச்சு, பெரும்பாலானவங்களை அப்புறம் திரும்ப சேர்த்துக்கிட்டாங்க, ஆனா அந்த மாசங்கள்ல எத்தனை வீட்டுல அடுப்பு எரியலைன்னு எங்க தலைமுறைக்குத் தெரியும்.

லீவுதான் இந்த வேலையோட உண்மையான பலம்னு நான் சொல்லுவேன், சம்பளக் கணக்குல வராதுங்கிறதால யாரும் எடை போட்டுப் பார்க்கிறதில்லை. சி.எல்., அதாவது ஒரு நாள் ரெண்டு நாள் எடுக்கிற தற்செயல் விடுப்பு, வருஷத்துக்கு 12 நாள், அது காலண்டர் வருஷத்தோட முடிஞ்சுடும், சேராது. ஈ.எல்., அதாவது ஈட்டிய விடுப்பு, நிரந்தரமானவங்களுக்கு வருஷத்துக்கு 30 நாள், ஜனவரியிலயும் ஜூலையிலயும் 15 நாளா கணக்குல ஏறும், தகுதிகாண் பருவத்துல இதைவிட கம்மி. அதிகபட்சம் 240 நாள் வரை சேர்த்து வைக்கலாம், ரிட்டயர் ஆகும்போது அதைப் பணமா வாங்கலாம். வருஷத்துக்கு 15 நாள் ஈ.எல்.-ஐ சரண்டர் பண்ணி, அதாவது எடுக்காம திருப்பிக் கொடுத்து பணம் வாங்குற வசதியை 2020 கொரோனா நேரத்துல நிறுத்தினாங்க, 2025 அக்டோபர் 1 முதல் திரும்பக் கொடுத்திருக்காங்க. இந்த ஒண்ணைப் பார்த்தாலே புரியும், சலுகைன்னு இருக்கிறது ஒரு அரசாணையில நின்னு போகவும் செய்யும், இன்னொரு அரசாணையில திரும்ப வரவும் செய்யும். உடம்பு சரியில்லைன்னா மெடிக்கல் சர்டிபிகேட் லீவு தனியா இருக்கு, பெரிய ஆபரேஷன், நீண்ட சிகிச்சைன்னு வரும்போது வேலையைப் பத்தி பயப்படாம படுக்கையில இருக்க முடியுதுன்னா அதனாலதான்.

உங்களுக்கு கல்யாணம் பேசுறாங்கன்னு சொன்னதால இதை விரிவா சொல்றேன். மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாசம், முழுச் சம்பளத்தோட. பிரைவேட்ல சட்டப்படி 26 வாரம்தான். அதுவும் நிறைய இடத்துல லீவு முடிஞ்சு வந்தா சீட்டு இருக்குமான்னு பயந்துக்கிட்டே எடுக்கிறாங்க. நம்ம கிட்டயும் ஒரு பெரிய குறை இருந்தது, தகுதிகாண் பருவத்துல லீவு எடுத்தா அந்தக் காலம் கணக்குல வராது, பருவம் தள்ளிப் போகும், அதனால கூட சேர்ந்த ஆம்பளைப் பசங்களுக்கு பருவம் முடிஞ்ச ஆணை முன்னாடியே வந்து புரமோஷன்லயும் முந்திடுவாங்க. பிள்ளை பெத்ததுக்காக சீனியாரிட்டியில பின்தங்கின பொண்ணுங்க ஃபைலை நானே நிறைய பார்த்திருக்கேன், ரொம்ப வருத்தமா இருக்கும். 2025 ஏப்ரல்ல சட்டசபையில முதலமைச்சர் மகப்பேறு விடுப்பையும் தகுதிகாண் பருவத்துல சேர்த்துக்கலாம்னு அறிவிச்சார், இது பணத்துல எண்ண முடியாத மாற்றம். விதிப்படி இந்த லீவு ரெண்டு குழந்தைக்குக் குறைவா இருக்கிறவங்களுக்கு, ஆனா மறுமணத்துல பிறந்த குழந்தைக்கு லீவு மறுக்கப்பட்ட ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை வழக்குல 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு அவங்களுக்கு சாதகமா தீர்ப்பு சொல்லியிருக்கு, இந்தக் கட்டுப்பாடு இனி எப்படி நடைமுறைக்கு வரும்ங்கிறது இன்னும் ஆபீஸுக்கு ஆபீஸ் வாதமா இருக்கிற விஷயம்.

மருத்துவக் காப்பீடு பத்தி ரொம்ப உயர்த்திப் பேச மாட்டேன். நாலு வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம், குறிப்பிட்ட பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரைன்னு 2021-ல வந்த திட்டத்துல வெச்சிருந்தாங்க. பட்டியல்ல இருக்கிற ஆஸ்பத்திரின்னா பணம் கட்டாம சிகிச்சைன்னு பேர், நடைமுறையில பேக்கேஜுக்கு மேல கேட்டு வாங்குற ஆஸ்பத்திரிகளும் இருக்கு, அப்போ பில்லை வெச்சுக்கிட்டு மாவட்டக் குழுவுக்கு மனு போட்டு அலையணும். முக்கியமா கவனிங்க, கல்யாணம் ஆகாதவரை உங்க அப்பா அம்மா இதுல வருவாங்க, கல்யாணம் ஆனதும் கணவர், பிள்ளைங்கதான். அப்பா அம்மாவுக்கு தனியா ஒரு பாலிசி இப்போவே எடுத்து வைங்க.

இப்போ நான் முக்கியமா நினைக்கிற விஷயம். இதுவரைக்கும் சொன்ன எல்லாமே விதியில இருக்கு, ஆனா விதியில இருக்கிறது தானா நடந்து உங்க கைக்கு வராது. எஸ்.ஆர்.னு ஒரு பணிப்பதிவேடு திறப்பாங்க, முதல் பக்கத்துல பிறந்த தேதி, அங்க அடையாளம், படிப்பு, அப்புறம் ஒவ்வொரு இன்கிரிமென்ட், ஒவ்வொரு லீவு, ஒவ்வொரு மாறுதல், கீழ அதிகாரி கையெழுத்து. இப்போ ஆன்லைன்லயும் இருக்கு, இருந்தாலும் அந்த நோட்டுல ஒரு வரி விட்டுப்போனா முப்பது வருஷம் கழிச்சு பென்சன் பேப்பர் போடும்போது அந்த வரிக்காக பழைய ஆபீஸ் பழைய ஆபீஸா ஏறி இறங்கணும், கையெழுத்துப் போட வேண்டியவர் எப்பவோ ரிட்டயர் ஆகியிருப்பார்.

ஒரு ஃபைல் எனக்கு மறக்கவே மறக்காது. ஆபீஸ் அசிஸ்டென்ட் ஒருத்தர், நாற்பது வயசு தாண்டல, திடீர்னு மாரடைப்பு. எஸ்.ஆரை எடுத்துப் பார்த்தா நாமினேஷன்ல அம்மா பேர் மட்டும், கல்யாணத்துக்கு முன்னாடி சேர்ந்தப்போ எழுதிக் கொடுத்தது, ஏழெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கைக்கு அப்புறமும் மாத்தவே இல்லை. மாமியாரும் மருமகளும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லாதவங்க. வாரிசுச் சான்று, ஆட்சேபணை, தாசில்தார் விசாரணைன்னு இழுத்துக்கிட்டே போய் அந்தப் பொண்ணு ரெண்டு குழந்தையோட எங்க செக்‌ஷன் வாசல் பெஞ்ச்ல வந்து உக்கார்ந்திருந்த நாள் எத்தனையோ. ஒரு ஃபாரம், ஒரு கையெழுத்து, அஞ்சு நிமிஷ வேலை அது. குடும்பப் பாதுகாப்பு நிதி 5 லட்சம், பென்சன் கணக்குத் தொகை எல்லாம் அந்தப் பேரைப் பார்த்துத்தான் போகும். கருணை அடிப்படை வேலைக்கும் இறந்த மூணு வருஷத்துக்குள்ள மனு கொடுக்கணும், தகவல் தெரியாம காலம் கடந்துபோன குடும்பங்கள் உண்டு. கல்யாணம் ஆன மாசமே நாமினேஷனை மாத்துங்க, மாத்தினதை எஸ்.ஆர்-ல பதிஞ்சாங்களான்னு கண்ணால பாருங்க, ஒரு நகல் வீட்டுல வைங்க. 2025 மே மாசம் அரசு ஏழு வங்கிகளோட ஒப்பந்தம் போட்டு சம்பளக் கணக்குக்கு 1 கோடி விபத்துக் காப்பீடு கொண்டு வந்திருக்கு, அதுவும் உங்க கணக்கு அந்தத் திட்டத்துக்குக் கீழ வந்திருந்தாதான், அதனால பேங்க்ல கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

இதே மாதிரி தகுதிகாண் பருவம். மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு வருஷம் பணி முடிக்கணும், பவானிசாகர்ல அடிப்படைப் பயிற்சி முடிக்கணும், பத்தாவது பன்னெண்டாவது சான்றிதழ் போலி இல்லைன்னு உண்மைத்தன்மைக் கடிதம் வரணும். இந்த உண்மைத்தன்மைக்காக காத்திருந்தே பருவம் முடிஞ்ச ஆணை வராம கிடக்கிற ஃபைல் ஒவ்வொரு ஆபீஸ்லயும் இருக்கும், நீங்களே பின்னாடி போய் கேட்டாதான் நகரும், கேக்கிறதுக்கு கூச்சப்படாதீங்க, இது உங்க உரிமை. டிஎன்பிஎஸ்சி துறைத் தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவை, மே, டிசம்பர் நடத்தும், அக்கவுண்ட்ஸ் டெஸ்ட், ஆபீஸ் மேனுவல் டெஸ்ட் ரெண்டையும் கல்யாணம், குழந்தைன்னு பொறுப்பு கூடுறதுக்குள்ள முதல் ரெண்டு வருஷத்துலயே எழுதி முடிச்சிடுங்க. டெஸ்ட் பாஸ் பண்ணாததால ஜூனியர் அசிஸ்டென்ட்டாவே வருஷக்கணக்கா நின்னுட்ட புத்திசாலிங்களை எனக்குத் தெரியும்.

வேலைச் சுமை எப்படி இருக்கும்னு கேட்டா துறையைச் சொல்லாம பதில் சொல்ல முடியாது. ரெவென்யூன்னா தேர்தல், வெள்ளம், ஜமாபந்தி (வருஷா வருஷம் கிராமக் கணக்குத் தணிக்கை), மனுநாள், முகாம்னு ஞாயித்துக்கிழமையும் போகும், ராத்திரியும் ஆகும், பெண்கள்னு தனிச் சலுகை பெருசா எதிர்பார்க்காதீங்க, ஆனா மேல போற வழி அகலம். சின்னத் துறைன்னா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம், ஆனா மாவட்டத்துக்கே நாலு போஸ்ட்தான்னா புரமோஷன் எப்போன்னு தெரியாது. காலியிடம் நிரப்பாததால ஒருத்தர் மூணு சீட்டைப் பார்க்கிறது இப்போ எல்லா இடத்துலயும் நடக்குது, பத்து மணி அஞ்சு மணி வேலைங்கிறது பழைய கதை. கழிப்பறை சரியில்லாத ஆபீஸ் இன்னும் இருக்கு, இதை பொண்ணுங்க கிட்ட யாரும் முன்கூட்டியே சொல்றதில்லை, போஸ்டிங் ஊர் தெரிஞ்சதும் ஒரு நடை நேர்ல போய்ப் பாருங்க.

உங்களோடது டிஎன்பிஎஸ்சி வழியா வந்த காலமுறை ஊதியம், அதாவது இன்கிரிமென்ட், அகவிலை எல்லாம் சேர்ற நிரந்தரச் சம்பள வரிசை, அதனால இதெல்லாம் பொருந்தும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை, அரசு ஆபீஸ்ல உக்கார்ற எல்லாரும் அரசு ஊழியர் இல்லை. தொகுப்பூதியம் (மாசம் ஒரே மொத்தத் தொகை), அவுட்சோர்ஸிங், ஒப்பந்தம்னு ஆர்டர்ல இருந்தா மேல சொன்ன லீவு, பென்சன், 311 பாதுகாப்பு எதுவும் அப்படியே வராது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில ஒரே வேலையைப் பார்த்துட்டு ஒருத்தருக்கு எல்லாம், இன்னொருத்தருக்கு ஒண்ணுமில்லைங்கிறது எனக்கு கடைசி வரைக்கும் ஜீரணிக்க முடியாத அநியாயம். ஆர்டரை முதல் வரியிலேர்ந்து படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

என் கருத்தைக் கேட்டா, வீட்டுல கடன் இல்லை, எட்டாயிரம் குறைஞ்சா சமாளிக்கலாம்னா சேருங்க, 27 வயசுல கல்யாணத்துக்கு முன்னாடி இருக்கிற ஒரு பொண்ணுக்கு இந்த லீவும் இந்தப் பாதுகாப்பும் அந்தப் பணத்தைவிட பெருசுன்னு நான் உறுதியா நினைக்கிறேன். குரூப் 2 எழுதணும்னு ஆசை இருந்தா உள்ள இருந்துக்கிட்டே துறைக்குத் தெரிவிச்சு எழுதலாம். கடன் தவணை ஓடிட்டிருக்குன்னா ஒரு வருஷக் கணக்கைப் பேப்பர்ல போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. நியமன ஆணை கைக்கு வர்ற வரைக்கும் கம்பெனியில ராஜினாமா கொடுக்காதீங்க, சேர்றதுக்குக் கொடுக்கிற கால அவகாசத்துக்குள்ள உங்க நோட்டீஸ் பீரியட் அடங்குமான்னு இப்போவே பாருங்க, அடங்கலைன்னா அவகாசம் கேட்டு எழுத்துல மனு கொடுங்க. ரிலீவிங் லெட்டர் வாங்காம வராதீங்க. நாலு வருஷ பி.எஃப். சர்வீஸ் இங்க பென்சன் கணக்குல சேராது. பி.எஃப். தொகையை எடுத்துக்கலாம், அதோட பென்சன் பகுதிக்கு 10 வருஷம் ஆகாததால ஃபார்ம் 10சி போட்டு வாங்கிக்கலாம். எந்தத் துறை, எந்த மாவட்டம்னு சொன்னீங்கன்னா என்னென்ன டெஸ்ட் எழுதணும்னு எனக்குத் தெரிஞ்சவரை எழுதுறேன்.